மடியேந்தும் ஊர்கள்

பங்குனி உத்திரம் கழிந்த ஓரிரு நாளில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு செய்தி வரும். எலுமிச்சம்பழம் ஒன்று இத்தனை ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போனது என்று நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரி இருக்கும். 2024-ல் அது நாலு வரியோடு நிற்கவில்லை. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் உள்ள ஒட்டனந்தல் கிராமத்தின் ரத்தினவேல் முருகன் கோயிலில் ஒன்பது பழங்கள் 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏலம் போயின. முதல் பழம் மட்டும் 50,500 ரூபாய். ஆங்கிலப் பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன. படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் பழத்தின் விலையைப் பற்றித்தான் பேசினார்கள். வாங்கியவர்கள் எத்தனை வருஷமாகக் காத்திருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். சென்னையிலிருந்தும் ஆரோவில்லிலிருந்தும் வரும் நண்பர்கள் ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். செஞ்சிக் கோட்டை, மண்டகப்பட்டுக் குடைவரை, திருவக்கரை கல்மரங்கள் என்று ஒரு சுற்று உண்டு; அதற்கு வழிகாட்ட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அழைத்துப் போக விரும்புவது வேறு இடங்களுக்கு. மாசியில் தொடங்கி வைகாசி வரை, அறுப்பு முடிந்து கழனி காய்ந்து கிடக்கும் மாதங்களில், இந்த மாவட்டம் முழுக்கப் பிள்ளைவரம் கேட்கும் திருவிழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. ஆகம விதிப்படி கட்டிய பெரிய கோயில்கள் இவற்றுக்கு வேண்டியதில்லை. ஒரு புற்று, ஒரு பனைமரம், ஒரு வேல் போதும்.

முதலில் மேல்மலையனூர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகப் பஸ் இருக்கிறது. அமாவாசை என்றால் சிறப்புப் பேருந்துகள் எல்லாத் திசையிலிருந்தும் வரும். அமாவாசை இரவு அங்காளம்மனுக்கு நடக்கும் ஊஞ்சல் தாலாட்டு தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. நான் காட்ட விரும்புவது மாசி மாதத்து மயானக் கொள்ளையை. மகா சிவராத்திரிக்கு அடுத்த அமாவாசையன்று அம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுவாள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரம்மனின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. இடுகிற சோற்றையெல்லாம் அதுவே தின்றுவிடுகிறது. அங்காளம்மன் சோற்றைச் சூறையாக இறைக்க, தின்கிற ஆசையில் கபாலம் கையை விட்டு இறங்கிவிடுகிறது. இந்தக் கதையின் பெயரால் சனங்கள் கொண்டுவருவது என்ன என்று கூடைகளை எட்டிப் பார்க்க வேண்டும். புது நெல், மல்லாட்டை, கம்பு, காய்கறி, அவித்த சுண்டல், கொழுக்கட்டை, சில்லறைக் காசு. அந்த வருஷம் தன் நிலத்தில் எது விளைந்ததோ அது. ஆட்டுக்கிடா, கோழி என்று வளர்த்ததைக் கொண்டுவருபவர்களும் உண்டு. அத்தனையும் வாரி இறைக்கப்படும். இறைத்ததைப் பொறுக்குவதற்கு அடிதடியாகக் கூட்டம் விழும். அப்படிப் பொறுக்கின தானியத்தை விதைநெல்லோடு கலந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். அதே கைப்பிடியில் ஒரு துளியைப் பிள்ளையில்லாத மருமகள் வாயில் போடுகிற மாமியாரும் இருக்கிறாள். கழனிக்கு ஒரு வேண்டுதல், வயிற்றுக்கு ஒரு வேண்டுதல் என்று இவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

இங்கே பூசை செய்யும் உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு. மீன்பிடி மரபில் வந்தவர்கள். மூலஸ்தானத்தில் புற்று; பிரசாதம் புற்றுமண். ஈவ்லின் மேயர் என்ற ஆய்வாளர் அங்காளபரமேசுவரி வழிபாட்டை ஊர் ஊராகப் பார்த்து 1986-ல் ஒரு முழுநூலே எழுதியிருக்கிறார். சாவு நடக்கும் இடத்தில் போய்ப் பிறப்பைக் கேட்கிற இந்தத் துணிவு அவரை உலுக்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பல ஊர் மயானக் கொள்ளைகளில் சுடுகாட்டில் மண்ணால் ஒரு பெண்ணுருவம் கிடத்தி வைப்பார்கள். அம்மன் ஏறியவர் அதைக் கலைத்த பிறகு, ஒரு பிடி மண்ணுக்காகப் பெண்கள் முண்டியடிப்பார்கள். மற்ற நாளில் சுடுகாட்டுப் பக்கம் பெண்களை விடாத அதே ஊர்தான்.

அடுத்தது அர்ச்சுனன் தபசு. என்னைக் கேட்டால் இந்தச் சுற்றில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் பார்க்கட்டும்.

செஞ்சியை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், அதற்குள் வருகிற ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத இடம் குறைவு. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் அம்மனுக்கு மூலக்கோயில் என்று கூத்துக்காரர்கள் கும்பிடுவார்கள். ஆல்ஃப் ஹில்ட்பெய்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988-ல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய தன் நூலின் முதல் தொகுதியை இந்தச் செஞ்சி வட்டாரத்திலிருந்துதான் தொடங்கினார். கோயில் வாசலில் காவலுக்குப் போத்துராஜா நிற்பார். பல ஊர்களில் முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் காவலரும் நிற்பார். கொடியேற்றினால் பத்து, பதினெட்டு நாள், சில ஊர்களில் இன்னும் கூட. மத்தியானம் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம். ராத்திரி முழுக்கக் கூத்து. வில் வளைப்பு, சூது, துகிலுரிதல் என்று கதை நகர்ந்து, பாண்டவர் வனவாசம் போன பிறகு வருவது தபசு.

அதற்கு மேடை கிடையாது. கோயிலுக்கு எதிர்த் திடலில் ஓலை சீவிய நெடும்பனை ஒன்றை நட்டு வைப்பார்கள். அடியிலிருந்து உச்சி வரை குறுக்குக் கட்டைகள் அடித்திருக்கும். உச்சியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பலகை. அதுதான் தபசு மரம். சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்கப் போகும் அர்ச்சுனனாக வேடம் கட்டுகிறவர் அன்றைக்கு விரதம். கூத்தில் கட்டுகிற புஜகட்டையும் கிரீடமும் இல்லாமல் தவசி வேஷத்தில் வருவார். தோளில் ஒரு துணிப்பை. மரத்தைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுக் கட்டை கட்டையாக ஏறுவார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாட்டு. கீழே மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் பின்னால் வரும். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். ஏறி முடிக்க அவர் அவசரப்படவே மாட்டார்.

கண்ணைக் கீழே இறக்கினால் தெரிவது வேறு. மரத்தைச் சுற்றிப் பெண்கள் குப்புறப் படுத்திருப்பார்கள். ஏரியிலோ கிணற்றிலோ மோட்டார் கொட்டாயிலோ முழுகிவிட்டு ஈரத் துணியோடு வந்தவர்கள். பெரும்பாலும் மஞ்சள் புடவை. சிலர் முழங்கையை மடக்கி நெற்றிக்கு அணைகொடுத்திருப்பார்கள். சிலர் கையை நீட்டி மண்ணைப் பற்றியிருப்பார்கள். ஈரமும் புழுதியும் சேர்ந்து முதுகு வரை சேறாகியிருக்கும். வயசு இருபத்திரண்டும் இருக்கும், நாற்பதும் இருக்கும். பக்கத்திலேயே அம்மாவோ அக்காவோ நாத்தனாரோ குடையைப் பிடித்துக்கொண்டு, தண்ணிச் சொம்போடு குந்தியிருப்பார்கள். உச்சிக்குப் போன அர்ச்சுனன் தவம் முடித்துத் துணிப்பையில் கையை விட்டதும், படுத்திருந்தவர்கள் எழுந்து முந்தானையை விரிப்பார்கள். எலுமிச்சம்பழம், வாழைப்பழம், வில்வம், பூ, விபூதிப் பொட்டலம் என்று மேலிருந்து வந்து விழும். “ஏம்மா, முந்தானைய நல்லா விரிச்சுப் புடிம்மா, காத்துக்குத் தள்ளிப் போவுது பாரு” என்று முன்பின் தெரியாத கிழவி பின்னாலிருந்து கத்துவாள். தன் மடியில் ரெண்டு பழம் விழுந்தால் ஒன்றை எடுத்துப் பக்கத்துப் பெண்ணின் மடியில் போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் பெரியம்மா இப்படி மரத்தடியில் படுத்தவர். அவருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. எங்களைத் தூக்கி வளர்த்தார். வளைகாப்புக்கு மற்ற வீடுகளில் அவரைக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் வளையல் அடுக்கச் சொல்ல மாட்டார்கள். சீமந்த வீட்டில் சமையல்கட்டிலேயே நின்றுவிட்டு வருவார். எனக்கு விவரம் தெரிந்த பிறகு ஒருமுறை, பலிக்காத வேண்டுதலுக்கு ஏன் மறுபடியும் மறுபடியும் போனீர்கள் என்று கேட்டேன். வருஷம் பூராவும் ஊர் என்னைப் பார்த்து ஏன் இன்னும் இல்லை என்று கேட்டது, அன்றைக்கு ஒருநாள் ஊரே எனக்காகக் கேட்டது என்றார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு இந்தத் திருவிழாக்களை நம்பிக்கையா மூடநம்பிக்கையா என்று தராசில் வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. மலடி என்ற சொல்லை அடுப்படியிலும் தெருமுனையிலும் கூசாமல் சொல்கிற சமூகம் இது. அந்தச் சொல்லைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தவளை ஊர் நடுவில் கொண்டுவந்து, அவளுக்கு மேல் அர்ச்சுனனை ஏற்றி, அவள் மடியில் பழம் விழ வேண்டுமே என்று ஆயிரம் பேரைப் பதைக்க வைக்கிறது இந்தச் சடங்கு. இதற்கு ஈடாக நாம் அவளுக்கு வேறென்ன கொடுத்திருக்கிறோம்?

முதலில் சொன்ன ஒட்டனந்தலுக்கு விழுப்புரத்திலிருந்து தென்மேற்காகப் போக வேண்டும். கரும்பும் நெல்லும் மாறி மாறி வரும் பூமி. இரண்டு சிறு குன்றுகள் சேரும் இடத்தில் சின்னக் கோயில். பங்குனி உத்திரத்தை ஒட்டிய விழாவில் நாளுக்கு ஒன்றாக ஒன்பது நாளும் ஒவ்வொரு எலுமிச்சம்பழத்தை வேலில் குத்தி வைப்பார்கள். உத்திரம் கழிந்து இடும்பன் பூசை நடக்கும் ராத்திரி, அந்த ஒன்பது பழங்களும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஏலத்துக்கு வரும். முதல் நாள் குத்திய பழத்துக்குத்தான் மதிப்பு அதிகம். ஏலம் எடுத்த புருஷனும் பெண்டாட்டியும் முழுகிவிட்டு ஈரத் துணியோடு வந்து பூசாரி முன்னால் மண்டியிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இடும்பனுக்குப் படைக்கிற கருவாட்டுக் குழம்புச் சோறும் பிரசாதமாக வரும். முருகனின் காவடியைச் சுமந்த இடும்பனுக்குக் கருவாடு; அதைத் தின்றுவிட்டு முருகனிடம் பிள்ளை கேட்பது. சைவ உணவுக் கோயில்களையே பார்த்துப் பழகிய நண்பர்கள் இங்கே கொஞ்சம் திகைப்பார்கள். எங்கள் பக்கத்துச் சாமிகள் வீட்டில் எது கொதிக்கிறதோ அதைத்தான் சாப்பிடும்.

ஐம்பதாயிரம் ரூபாய் என்பது கூலிக்கும் குத்தகைக்கும் உழைக்கிற குடும்பத்துக்குச் சின்னப் பணம் இல்லை. நகையை அடகு வைத்து எடுத்தவர்களும் இருக்கக்கூடும். அது எனக்கு வலிக்கிற விஷயம். வேண்டுதலில் போட்டி வந்தால் இல்லாதவள் பின்வரிசைக்குத்தான் போவாள். தபசு மரத்தடியில் இந்தக் கணக்கு இல்லை; பழம் யார் மடியில் வேண்டுமானாலும் விழும். அந்த வகையில் எனக்கு மரம்தான் உசத்தி. ஆனால் ஒட்டனந்தலில் ஒன்று இருக்கிறது, மரத்தடியில் இல்லாதது. ஆம்பிளையும் நனைந்து வந்து மண்டியிட வேண்டும். பிள்ளையில்லாதது பெண்டாட்டியின் குறை என்று ஒதுங்கி நின்று பீடி குடிக்க அங்கே இடமில்லை.

திருவெண்ணெய்நல்லூர் வரை வந்துவிட்டு மெய்கண்டாரைச் சொல்லாமல் திரும்பினால் அது பெரிய குறை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்ற வேளாளருக்குப் பிள்ளையில்லை. குலகுருவான சகலாகம பண்டிதர் சொன்னபடி திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திப் பார்த்தார்கள். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. திருவெண்காட்டுக்குப் போய் முக்குள நீராடி வேண்டிக்கொண்டார்கள். அந்த வேண்டுதலால் பிறந்த பிள்ளைதான் சுவேதவனப் பெருமாள். தாய்மாமன் வீட்டில், இந்தத் திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்து மெய்கண்டார் ஆனார். தமிழ்ச் சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தைச் செய்தார். வரம் கேட்கச் சொன்ன சகலாகம பண்டிதரே பின்னால் அந்தப் பிள்ளைக்குச் சீடராகி அருணந்தி சிவாச்சாரியார் என்று பெயர் பெற்றார். பன்னிரண்டே சூத்திரங்களில் பதி, பசு, பாசத்தைச் சொன்ன அறிவுக்கும், வேலில் குத்திய பழத்துக்காகக் கையேந்துகிற ஏக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் சில மைல்தான்.

இவ்வளவையும் பார்த்த வெளிநாட்டு நண்பர்கள் பேச்சை ஜப்பானுக்குக் கொண்டுபோவார்கள். நாகோயா நகரத்துக்குப் பக்கத்தில், ஐச்சி மாநிலத்துக் கொமாக்கியில், தகாட்டா என்ற ஷிண்டோ கோயில் இருக்கிறது. ஒவ்வொரு மார்ச் 15-ம் தேதியும் அங்கே ஹோனென் விழா. நல்ல விளைச்சல் வேண்டி நடப்பது. ஹினோக்கி என்ற ஊசியிலை மரத்தில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளத்துக்கு ஆண்குறி ஒன்றை வருஷா வருஷம் புதிதாகச் செதுக்கி, பல்லக்கில் வைத்துத் தூக்கி வருவார்கள். தூக்குகிறவர்கள் 42 வயது ஆண்கள். அந்த வயசு அவர்கள் கணக்கில் கண்டம். வழியெல்லாம் அரிசி மதுவை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பார்கள். கடைசியில் உயரமான மேடையிலிருந்து அரிசிமாவு உருண்டைகளை வாரி இறைக்க, கீழே கூட்டம் அடித்துப் பிடித்துப் பொறுக்கும். பக்கத்து இனுயாமாவில் ஒகாட்டா என்ற கோயில் இருக்கிறது. அங்கே பெண்ணுறுப்பின் வடிவில் உள்ளவை வழிபாட்டில். பிள்ளை வேண்டியும் நல்ல கணவன் வேண்டியும் பெண்கள் போவார்கள். கவாசாக்கி நகரத்தில் ஏப்ரல் முதல் ஞாயிறு நடக்கும் கனமாரா விழா இன்னும் பிரசித்தம். மிட்டாய் கூட அந்த வடிவத்தில் விற்கும். உலகம் முழுவதிலுமிருந்து வழிகாட்டியோடு கூட்டம் கூட்டமாக வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அரிசி உருண்டையை இறைப்பதைக் கேட்டதும் எனக்கு மேல்மலையனூர்ச் சூறைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. நெல் விளைகிற ஊர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே இது தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைத்தான் நண்பர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது. தகாட்டாவில் எல்லோர் கண்ணும் மரத்தில் செய்த ஒரு பொருளின் மேல். அதைப் பார்த்துச் சிரித்தாலும் படம் எடுத்தாலும் யாருக்கும் நோகாது. அவர்களே சிரித்துக்கொண்டுதான் தூக்கி வருகிறார்கள். தபசு மரத்தடியில் பார்வைக்கு வருவது பெண்கள். ஈரத் துணியில், முகம் மண்ணில் பதிய, தன் வாழ்க்கையின் ஆறாத குறையை ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்டு படுத்திருப்பவர்கள். அங்கே செல்போனைத் தூக்குவது பாவம். இப்போதெல்லாம் டிரோன் பறக்கவிடுகிறார்கள். மரத்தைச் சுற்றிக் கிடக்கும் முதுகுகளை மேலிருந்து எடுத்து, சோகப் பாட்டுப் போட்டு இணையத்தில் இறக்கிவிடுகிறார்கள். விழாக் குழுக்கள் இதற்கு ஒரு கட்டு போட வேண்டும். கூத்துக்காரரை எடுங்கள், மரத்தை எடுங்கள், வாசிக்கிறவர்களை எடுங்கள். படுத்திருப்பவர்களை விட்டுவிடுங்கள்.

படுத்திருப்பவர்களின் துக்கம் யார் கண்ணிலும் படாமல் போவதைச் சொல்லும்போது ஒரு நாவல் ஞாபகத்துக்கு வருகிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வந்தபோது யாரும் சண்டைக்குப் போகவில்லை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவைப் பின்னணியாக வைத்து, பிள்ளையில்லாத தம்பதியின் துயரத்தைச் சொன்ன அந்தக் கதைக்கு 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பி, எழுத்தையே நிறுத்துவதாக அவர் அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தச் சண்டையில் எல்லோரும் ஊர் மானத்தைப் பேசினார்கள். கதையில் வந்த பொன்னாவின் துக்கத்தைப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இந்தத் துக்கத்துக்குச் சாமி தேடியது நேற்று இன்று தொடங்கியதில்லை. விழுப்புரம் மாவட்டத்து உடையாநத்தத்தில் பெருங்கற்கால ஈமக்காட்டில் ஒரு பலகைக் கல் நிற்கிறது. தலை தெளிவாக இல்லை. இரண்டு பக்கமும் வளைந்த தோள் மாதிரி விரிந்திருக்கும். விசிறிப் பாறை என்பார்கள். தாய்த் தெய்வம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆண் உருவமாகவும் இருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதைவிட எனக்கு நெருக்கமானவள் மூத்ததேவி. பல்லவர் காலத்திலும் சோழர் தொடக்க காலத்திலும் இந்தப் பகுதி ஊர்களில் அவளைக் கும்பிடாதவர்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லும் அளவுக்குச் சிலைகள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. விழுப்புரம் வரலாற்று ஆய்வாளர் கோ. செங்குட்டுவன் போன்றவர்கள் ஏரிக்கரையிலும் வேப்பமரத்தடியிலும் கிடந்தவற்றைத் தேடிப் பதிவு செய்து வருகிறார்கள்.

ஒரு மூத்ததேவிச் சிலையின் முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். காலைத் தொங்கவிட்டு, தொடையை அகட்டி, சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். பெருத்த வயிறு மடிமேல் சரிந்திருக்கும். மார்பு கனத்துத் தொங்கும். ஒரு பக்கம் மாட்டு முகத்தோடு மகன், மறுபக்கம் மகள். காக்கைக் கொடி, துடைப்பம். பிள்ளை பெற்று வளர்த்து, வீட்டைப் பெருக்கி, களத்துமேட்டில் நின்று நெல் அளந்த ஒரு பெரியவீட்டு ஆச்சி இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பிற்காலத்தில் தரித்திரத்தின் அடையாளமாக்கி, கோயில் மூலைக்குத் தள்ளி, கடைசியில் வெளியே எறிந்தார்கள். எறிந்த இடத்தில் சனங்கள் அவளை விடவில்லை. வேறு வேறு அம்மன் பெயர்களில் மஞ்சள் பூசி, பாவாடை கட்டி, பொங்கல் வைக்கிறார்கள். பெயர் போனாலும் வேலை போகவில்லை.

அரவான் கோயில் இருக்கும் கூவாகத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபோது அது கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது. சித்திரைத் திருவிழாவையொட்டித் திருநங்கையர் தங்குவதும் அழகிப் போட்டி நடப்பதும் இன்னும் விழுப்புரத்தில்தான். அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், பிள்ளைவரம் கேட்டு வந்த கிராமத்துப் பெண்கள் பலிச்சோற்றுக்குக் காத்திருப்பார்கள். களத்தில் வெட்டுப்பட்ட அரவானுக்குப் படைத்த சோற்றில் ஒரு கவளம் தின்றால் வயிறு திறக்கும் என்பது நம்பிக்கை. ஊர்க் கணக்கில் பிள்ளை இல்லாதவர்கள் என்று தள்ளப்பட்ட இரண்டு கூட்டத்தாரும் ஒரே பந்தலில் ஒரே சாமி முன்னால் நிற்கிறார்கள். கேமராக்கள் ஒரு கூட்டத்தை மட்டும் பார்க்கின்றன.

மருத்துவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திண்டிவனம், விழுப்புரம் இரண்டு ஊரிலும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கருத்தரிப்பு மைய விளம்பரங்கள் பெரிது பெரிதாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், வளர்ந்தவர்களில் ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது கருத்தரிப்பில் சிக்கல் வருகிறது என்றது. அவ்வளவு பரவலான ஒன்றை இன்னும் ஒரு பெண்ணின் தலைவிதியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். குறை ஆணிடம் இருப்பதற்கும் ஏறத்தாழ அதே அளவு வாய்ப்பு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஒரு எளிய விந்துப் பரிசோதனை. கர்ப்பப்பைக்கு ஸ்கேன், ஊசி, மாத்திரை என்று பெண்ணை நாலைந்து வருஷம் அலைக்கழித்த பிறகு, கடைசியில் புருஷன் அந்தப் பரிசோதனைக்குச் சம்மதிக்கிற கதை எங்கள் தெருவில் மட்டுமே எத்தனையோ. தபசுக்குப் போகிற அக்காமாரிடம் நான் தடுத்துப் பேசுவதில்லை. போயிட்டு வாங்கக்கா, வந்து ரெண்டு பேருமா முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க என்பேன். தனியார் மையத்துக்குப் போகிறவர்கள் 2021-ம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அந்த மையம் பதிவு பெற்றிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டட்டும். ஏலத்தில் பழம் கேட்கிறவர்களை ஏமாளி என்கிற படித்தவர்கள், பலன் என்ன என்று கூடக் கேட்காமல் லட்சக்கணக்கில் தவணை கட்டியிருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

“அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்” என்று ஒரு பழமொழி உண்டு. அவசரக்காரியைக் கேலி செய்வதற்குச் சொல்வது. தொட்டுப் பார்க்கிறவளின் தவிப்பு இந்தப் பழமொழியைச் சொன்னவருக்குப் புரியவே இல்லை.

வர நினைப்பவர்களுக்கு வழி சொல்லிவிடுகிறேன். மயானக் கொள்ளைக்கு மாசி அமாவாசை. ஒட்டனந்தலுக்குப் பங்குனி உத்திரம். அதே உத்திரத்துக்குத் திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் உள்ள மயிலம் மலையிலும் பெருங்கூட்டம் இருக்கும். தபசுக்குத் தேதி சொல்ல முடியாது. ஒவ்வொரு ஊரும் தன் வசதிப்படி பாரதம் வைக்கும். பங்குனி பிறந்ததும் இந்தப் பக்கத்துச் சுவர்களில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதில் ‘அர்ச்சுனன் தபசு’ என்ற வரிக்கு எதிரே கிழமை போட்டிருக்கும். காலையிலேயே போய்விடுங்கள். மரம் நடும் இடத்தில் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள். முடிந்தால் படுகளத்துக்கும் இருங்கள். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் தொடையில் அடி விழுந்து, பாஞ்சாலி கூந்தல் முடித்த கையோடு, அந்த உருவத்தின் மண்ணைப் பெண்கள் பிட்டு எடுத்து மடியில் முடிந்துகொள்வார்கள். வீட்டில் நெல் கொட்டி வைத்த இடத்தில் அதைப் போட்டுவைப்பார்கள். சாயங்காலம் தீமிதி.

வேண்டுதல் பலித்தவர்கள் மறுவருஷம் அதே மரத்தடிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மொட்டையடித்து, எடைக்கு எடை சில்லறையோ மல்லாட்டையோ போட்டு, சாமி பெயரையே வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் அர்ச்சுனன், சகாதேவன், தருமராஜா, பாஞ்சாலி, அங்காளம்மாள் என்ற பெயர்கள் அப்படி வந்தவைதான். இப்போது அர்ச்சுனனை அர்ஜுன் ஆக்கிவிடுகிறார்கள். அங்காளம்மாளை வீட்டில் மட்டும் கூப்பிடுகிறார்கள், பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர். மொட்டையும் காதுகுத்தும் மட்டும் மரத்தடியில்தான்.